பத்து விரலும் மூன்று விரற்கடையும்

எனக்கு முப்பத்தோரு வயது ஆகும்வரை நான் யாரையும் ‘ஏன்’ என்று கேட்டதில்லை. எல்லாம் தெரிந்திருந்ததால் இல்லை. கூச்சம். பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, மந்தைவெளியில் இறங்க வேண்டியவன் அடையாறு வரை போயிருக்கிறேன். அங்கிருந்து நடந்தே திரும்பியிருக்கிறேன். (திரும்பும் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கேட்க வாயைத் திறக்க வேண்டுமே.)

இப்படிப்பட்டவனுக்குப் பெண் பார்ப்பது என்ன பாடு என்று என் அம்மாவைக் கேட்டால் தெரியும். மூன்று வீடு பார்த்து முடிந்திருந்தது. மூன்றாவது வீட்டில் பெண்ணின் மாமா, “பொண்ணு பிடிச்சிருக்கா தம்பி?” என்று நேராகக் கேட்டார். எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “தண்ணி” என்று வந்தது. அவர்களும் நல்ல மனிதர்கள், ஒரு சொம்பு நிறையக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

நாலாவதாக வந்த இடம் ராயப்பேட்டை. பெண்ணின் பெயர் மல்லிகா. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அப்பா தாமோதரன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் ஒரு புது நிபந்தனை போட்டார். பையனை வீட்டில் பார்க்க மாட்டேன், வேலை செய்கிற இடத்தில்தான் பார்ப்பேன் என்று. அம்மா என்னிடம் வந்து, “இதுவும் போச்சுன்னா இனிமே நான் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன்டா செல்வம்” என்றாள். அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நான் வேலை பார்த்தது சிந்தாதிரிப்பேட்டையில், காசிம் பாயின் பிரஸ் பட்டறையில். (அச்சடிக்கிற பிரஸ் இல்லை. இரும்புத் தகட்டை வெட்டுகிற பிரஸ்.) பீரோ உயரத்துக்கு இரண்டு மிஷின். மிஷினின் நடுவில் ராம் என்று ஒரு பெரிய இரும்புக் கட்டி, மேலும் கீழும் போய் வரும். அதன் அடியில் பஞ்ச் என்கிற வெட்டும் அச்சு, மிஷினின் மேடையில் டை என்கிற குழி அச்சு. இரண்டுக்கும் நடுவில் தகட்டைக் கொடுத்துக் காலால் பெடலை மிதித்தால், பஞ்ச் இறங்கி டைக்குள் புகுந்து தகட்டை வெட்டும். பஞ்சுக்கும் டைக்கும் நடுவில் இருக்கிற சந்து தலைமுடி கனம்தான். அந்தச் சந்து சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மொத்தத் தொழிலும் இதுதான்.

அப்போது கதவுத் தாழ்ப்பாள் தகடு ஓடிக்கொண்டிருந்தது. நிலைச்சட்டத்தில் அடிப்போமே, தாழ்ப்பாளின் நாக்கு போய் விழுகிற தகடு, அது. டையின் வலது பக்கம் இரண்டு சின்ன ஸ்க்ரூ ஓட்டை போடும். நீளமான தகட்டுப் பட்டையை இடது பக்கம் நகர்த்தினால் அடுத்த மிதியில் நடு வாயும் தகட்டின் முழு உருவமும் ஒன்றாக வெட்டுப்பட்டுக் கீழே விழும்.

இந்த டையைப் பாய் எப்போதும் மேடையின் நடுவில் வைக்க மாட்டார். நடுவிலிருந்து வலது பக்கமாக மூன்று விரற்கடை தள்ளித்தான் பூட்டுவார். அளப்பது ஸ்கேலால் இல்லை, விரலால். மூன்று விரலை ஒட்டி வைப்பார், தள்ளுவார், போல்ட்டை முறுக்குவார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ தூக்கக் கலக்கத்தில் பூட்டியது போல இருக்கும். ஐந்து வருடமாக நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டேனா? முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

தாமோதரன் வருவதாகச் சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை. பகல் ஒரு மணிக்கு வருவார். பன்னிரண்டரைக்குப் பாய் தொழுகைக்குப் போனார். நான் பட்டறையைப் பெருக்கினேன். மிஷினைத் துடைத்தேன். எண்ணெய் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். அப்போதுதான் என் கண்ணில் அந்த டை பட்டது. எல்லாம் ஒழுங்காக இருக்கிற இடத்தில் அது மட்டும் ஒதுங்கி நின்றது. வருகிற மனிதர் என்ன நினைப்பார்? ஒரு டையை நடுவில் வைக்கத் தெரியாதவன் ஒரு குடும்பத்தை எப்படி நடத்துவான் என்று நினைக்க மாட்டாரா? (அவருக்கு டை என்றால் என்னவென்றே தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.)

போல்ட்டுகளைத் தளர்த்தினேன். மேலே பஞ்ச், கீழே டை இரண்டையும் சேர்த்து நகர்த்தி, டேப் வைத்து அளந்து, இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே இருக்கும்படி நட்ட நடுவில் பூட்டினேன். கர்ப்பக்கிரகத்தில் சாமி நிற்பது போல நின்றது. இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தேன்.

பிறகு பேப்பர் டெஸ்ட். டையைப் பூட்டிய பிறகு முதலில் ஒரு காகிதத்தை வெட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். காகிதம் சுற்றிலும் சுத்தமாக வெட்டுப்பட்டால் சந்து சமமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் கிழிந்து பிசிறடித்தால் அந்தப் பக்கம் சந்து அதிகம். மணி ஒன்றாகப் போகிறது, அவசரம். மேஜை மேல் மடித்துக் கிடந்த காகிதத்தை எடுத்து வைத்து மோட்டாரைப் போட்டேன். பட்டையை நகர்த்துவது போலக் காகிதத்தையும் நகர்த்தி இரண்டு மிதி. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பிளேடால் வெட்டியது போல இருந்தது. ஒரு பிசிறு இல்லை. பாய் வந்தால் அவரிடமே காட்டலாம் என்று மறுபடி மேஜை மேல் வைத்தேன்.

பாயும் தாமோதரனும் ஒன்றாகத்தான் உள்ளே வந்தார்கள். தெருமுனையில் வழி கேட்ட மனிதரைப் பாயே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தாமோதரன் குள்ளமாக, அகலமாக, காக்கிச் சட்டையில் இருந்தார். கையில் லட்டுப் பொட்டலம்.

“இன்னா தம்பி, நல்லா கீறியா?” என்றார்.

நான் கையைக் கூப்பினேன். கூப்பிய கையில் கித்தான் கையுறை. கை முழுக்க மிஷின் கரி, அதை அந்த மனிதர் பார்க்கிற மாதிரி வைக்காதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் கையுறையைக் கழற்றவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பட்டறையில் இருந்தது எல்லாம் பெரிய அளவுக் கையுறை. என் கைக்குத் தொளதொளவென்று இருக்கும். இடது கைச் சுண்டுவிரல் பாதி காலியாகத் தொங்கும்.

தாமோதரன் லட்டை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். பாய் டீ வரவழைத்தார். கையுறையோடே டம்ளரைப் பிடித்துக் குடித்தேன். தாமோதரன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆடிக்கொண்டிருந்த அந்தச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் மேலே போனால் அவர் கண்ணும் மேலே போகும், கீழே வந்தால் கண்ணும் கீழே வரும். என் சட்டையில் ஏதோ கிழிசல் இருக்கிறது போல என்று நினைத்து நான் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டேன். கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பாய்தான் எனக்கும் சேர்த்துப் பேசினார். அஞ்சு வருஷத்தில் ஒரு நாள் லீவு போட்டதில்லை, ஒரு டை உடைத்ததில்லை, இவன் கை பட்டால் மிஷின் பூனை மாதிரி படுத்துக்கும் என்று என்னென்னவோ சொன்னார். நான் தரையில் ஒரு துளி எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா ஜாதகம் குடுத்து அனுப்புனதா சொன்னாங்களே” என்றார் தாமோதரன்.

ஆமாம். காலையில் அம்மா கொடுத்தாள். நாலாக மடித்து, ‘அவர் கேட்டதும் கொடு’ என்று. மறக்கக் கூடாதே என்று மேஜை மேல் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். போய் எடுத்தேன். எடுக்கும்போதே கையுறைக்குள்ளும் விரலுக்குக் காற்றோட்டமாக ஏதோ தெரிந்தது. ஆனால் அதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார்.

பிரித்தார். நாலு பெரிய ஓட்டை, எட்டுச் சின்ன ஓட்டை. மடிப்பு நாலாக இருந்ததால் எல்லாம் எதிரெதிராக, திருவிழாவுக்குக் கட்டுகிற கலர்த்தாள் தோரணம் போல அழகாக இருந்தது. தாமோதரன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு ஓட்டை வழியாக அவருடைய ஒரு கண் என்னைப் பார்த்தது.

“இன்னா நைனா இது?” என்றார் பாய்.

“பேப்பர் டெஸ்ட்” என்றேன்.

தாமோதரன் தாளை இறக்கினார். “ஒயுங்காதான் வெட்டிக்கீது. என் பொண்ணு ஜாதகத்தையும் எடுத்தாரணுமா?” என்றார்.

சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. ஓட்டை ஜாதகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிஷின் ஓட்டுவதைப் பார்க்கலாமா என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. பேச வேண்டாம். ஓட்டினால் போதும். ஓட்டுவது என்றால் நான் ராஜா. அவரைத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிக் கையால் காட்டிவிட்டு, பட்டையைக் கொடுத்து மிதித்தேன்.

முதல் மிதி. இரண்டு சின்ன ஓட்டை. சுத்தமான சத்தம். திரும்பி அவரைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூட செய்தேன். (வாழ்க்கையில் நான் சிரிக்காமல் இருந்திருக்க வேண்டிய இடங்களில் அது முதலாவது.)

இரண்டாவது மிதியில் தகடு விழுந்தது. கூடவே ஒரு ‘கிர்’. பாயின் செட்டிங்கில் அந்தச் சத்தம் வந்ததே இல்லை. உடனே நிறுத்திவிட வேண்டும். பிரஸ் ஓட்டுகிற எந்த மடையனுக்கும் அது தெரியும். ஆனால் நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று அந்த மனிதர் கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டும். அதைவிட மிதிப்பது சுலபமாக இருந்தது. மிதித்தேன். கிர். மிதித்தேன். கிர்ர். விழுகிற ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பக்கத்துப் பிசிறு அரிவாள் மாதிரி வளர்ந்துகொண்டே வந்தது. ஆறாவது தகடு விழுந்தது. அடுத்த மிதிக்கு ராம் இறங்கியது, டமார் என்று கட்டடமே அதிர்ந்தது, போன ராம் திரும்பி வரவில்லை.

பஞ்ச் டைக்குள் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பெல்ட் கிறீச்சிட்டது, ரப்பர் கருகுகிற வாசனை. பாய் பாய்ந்து போய் மோட்டாரை அணைத்தார். யார் மேலும் எதுவும் தெறிக்கவில்லை. எனக்கு முதலில் தோன்றியது அதுதான். தாமோதரன் கோட்டுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார், முழுசாக இருந்தார். இரண்டாவதாகத் தோன்றியது அம்மாவின் வெங்காயம்.

பாய் மேடையைக் குனிந்து பார்த்தார். டை எங்கே நிற்கிறது என்று பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாம் அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆனால் நல்ல மனிதர், தாமோதரன் பக்கம் திரும்பி, “பயசாப்போன மிஷின் சார், அப்பப்ப இப்டிதான் மக்கர் பண்ணும்” என்றார்.

நான் சும்மா இருந்திருந்தால் போதும். சும்மா இருப்பதில் எனக்குப் பல வருட அனுபவம். ஆனால் அந்த மிஷினைத் தினமும் காலையில் துடைக்கிறவன் நான். அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுநாள் அதன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

“மிஷின் மேல தப்பு இல்ல. நான்தான் டைய நகத்திட்டேன்” என்றேன்.

தாமோதரனுக்குப் புரியவில்லை. “எங்க நகத்துன?”

“நடுவுக்கு.”

“நடுவுல வச்சா நல்லதுதானேப்பா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் ராமின் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். அது ஏறி இறங்குவதற்கு இரண்டு பக்கமும் கைடு என்று வழித்தடம் உண்டு. வலது கைடின் மேல் முனையிலும் இடது கைடின் கீழ் முனையிலும் மட்டும் எண்ணெய் வழித்தெடுக்கப்பட்டு, இரும்பு புதுசாக மின்னியது. ஐந்து வருடமாகக் கேட்காத கேள்விக்குப் பதில் அங்கே எழுதியிருந்தது. பார்த்ததும் புரிந்தது. புரிந்ததும், என்ன ஆயிற்றோ தெரியவில்லை, பேச ஆரம்பித்துவிட்டேன்.

டையின் வலது பக்கம் இரண்டு பொடி ஓட்டை, அதற்குப் பலமே வேண்டாம். இடது பக்கம்தான் பெரிய வெட்டு, முழு எதிர்ப்பும் அங்கேதான். டையை நடுவில் வைத்தால் அந்தப் பெரிய வெட்டு ராமின் இடது ஓரத்துக்குப் போய்விடும். இடது பக்கம் தகடு முட்டி நிறுத்தும், வலது பக்கம் தடுக்க ஆளில்லாமல் கீழே இறங்கும். ராம் அசைவதற்கென்று கைடில் விட்ட முடி அளவு இடைவெளிக்குள்ளேயே அது சாய்ந்துவிடும். சாய்ந்தால் பஞ்சும் சாயும், டையின் விளிம்பில் ஏறும். பாய் வலது பக்கம் தள்ளி வைப்பது, பெரிய வெட்டு ராமின் நடு வயிற்றுக்குக் கீழே வரட்டும் என்றுதான். நடுவில் இருக்க வேண்டியது டை இல்லை, சுமை. காகிதத்துக்கு எதிர்ப்பு கிடையாது, அதனால்தான் பேப்பர் டெஸ்ட் அவ்வளவு அழகாகப் பாஸானது. இதையெல்லாம் சொன்னேன். பெரிய கம்பெனி டைகளில் மேலும் கீழும் பிடித்துக்கொள்ளத் தூண்கள் இருக்கும், இதற்கு இல்லை, இருந்தாலும் சுமை ஒரு பக்கமாகவே விழுந்தால் தூணும் தேயும் என்று அதையும் சொன்னேன். பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். ஐந்து வருடத்தில் நான் அவரிடம் பேசிய மொத்தமும் சேர்ந்தால் இவ்வளவு வராது.

தாமோதரன் மோவாயைச் சொறிந்தார். “குண்டுப் பசங்கள எல்லாம் ஒரே பக்கம் குந்த வச்சிக்கினு வேன் ஓட்டுன மாரி. சீட்டு நேராத்தான் இருக்கும், வண்டி சாஞ்சிக்கினு போவும்.”

“அதேதான்” என்றேன்.

பிறகு வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. கடித்துக்கொண்ட பஞ்சை விடுவிக்க வேண்டும். சின்ன போல்ட்டைக் கையுறையோடு பிடிக்க முடியாது. அம்மா சொன்னதெல்லாம் மறந்துபோய், பல்லால் கடித்து இரண்டு கையுறையையும் இழுத்துத் தூக்கிப் போட்டேன். ஸ்பேனரை எடுத்தேன். தாமோதரன் கோட்டைத் தாண்டிக் கிட்டே வந்து, என் கைக்கு நேராகக் குனிந்து நின்றார். உதடு மெல்ல அசைந்தது. மிஷினுக்காக வேண்டிக்கொள்கிறார் போல என்று நினைத்தேன். நானும் பாயுமாகக் கம்பி போட்டு ஃப்ளைவீல் என்கிற பெரிய சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருப்ப, ராம் முனகிக்கொண்டே மேலே போனது. டையின் விளிம்பில் ஒரு பெரிய சில்லு போயிருந்தது.

தாமோதரன் தொட்டியில் கிடந்த ஆறாவது தகட்டை, பிசிறோடு, எடுத்துப் பார்த்தார். “இத்த நான் எடுத்துக்கட்டா?” என்று பாயிடம் கேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். லட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பாய் திட்டவில்லை. சில்லு போன டையை இறக்கித் துணியில் சுற்றும்போது, “கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல நைனா” என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. லட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். லட்டு கொடுத்தாரென்றால் நல்ல சகுனம்தான் என்று அவள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் விநியோகித்துவிட்டாள். நான் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை, நான் பட்டறைக்குக் கிளம்பும் நேரத்துக்குத் தாமோதரனிடமிருந்து போன். அம்மா காதில் வைத்துக்கொண்டு, “ம்... ம்... பத்தா?... ம்...” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் பட்டறைக்கு வந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தானாம். என் விரல்களை எண்ண. பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவன் என்றதும் சொந்தக்காரர் ஒருவர், விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஏமாற்றிவிடுவேன் என்று, வேலை செய்கிற இடத்துக்கே வந்திருக்கிறார். வந்தால் நான் கையுறையைக் கழற்றாமல், லட்டும் வாங்காமல், காலியாக ஆடுகிற சுண்டுவிரலோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மூன்று விரலாவது போயிருக்கும் என்றே அவர் முடிவு கட்டிவிட்டாராம். கடைசியில் பல்லால் கையுறையை உருவிப் போட்டதும் இரண்டு தடவை எண்ணியிருக்கிறார். இரண்டு தடவையும் பத்து.

அம்மாவிடம் அவர் சொன்னது இது: “பையனுக்குப் பத்து வெரலும் கீது. மிஷின் மேல பழி போடாம நான்தான்னு சொல்லிட்டான். பேச மாட்டான்னீங்களே, மிஷினப் பத்திக் கேட்டா நிறுத்தவே மாட்டேன்றான். முடிச்சிரலாம்.”

அன்று காலை நான் ஒன்பது இட்லி சாப்பிட்டேன். பட்டறைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய், முதல் வேலையாகப் பாயிடம், தீட்டி வந்த பிறகு டையை மூன்று விரற்கடைதான் தள்ள வேண்டுமா, மூன்றரை தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை நான் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை.

பெண் பார்க்கப் போனபோது மல்லிகா காபித் தட்டோடு வரவில்லை. என் ஜாதகத்தோடு வந்தாள். அதைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக என்னை ஒரு கண்ணால் பார்த்தாள். என் மனைவியை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு தாழ்ப்பாள் தகட்டு அளவுதான். ஜோசியர் பார்த்துவிட்டு, ஏழாம் இடத்தில் சனி இருந்திருக்க வேண்டும், ஆனால் அந்தக் கட்டத்தையே காணோம் என்றாராம். அது பட்டறையில் ஸ்க்ராப் டப்பாவில் கிடக்கிறது என்று மாமனார் சமாதானம் சொல்லியிருக்கிறார். பொருத்தம் பார்த்ததாகவே வைத்துக்கொண்டு கல்யாணம் முடிந்தது.

இதெல்லாம் நடந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. நான் இன்னும் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். அந்த ஆறாவது தகடும் எங்களோடுதான் இருக்கிறது. மாமனார் அதைப் பிசிறு மட்டும் தேய்த்து, எங்கள் அறைக் கதவின் நிலையில் தன் கையாலேயே அடித்துக் கொடுத்தார். கோணல் தகடு. மூன்று வாடகை வீடு மாறியும், ஒவ்வொரு தடவையும் மல்லிகா அதைக் கழற்றி எடுத்துவந்துவிட்டாள். கதவைச் சும்மா சாத்தினால் தாழ்ப்பாள் விழாது. லேசாகத் தூக்கி, வலது பக்கமாகத் தள்ள வேண்டும். விருந்தாளி யாராவது உள்ளே போய் முட்டிக்கொண்டிருந்தால், சமையலறையிலிருந்து மல்லிகா, கூடத்திலிருந்து மகள், இருவரும் ஒரே குரலில், “மூணு விரக்கட தள்ளுங்க!” என்பார்கள். ஆட்டோவில் எல்லோரும் ஒரு பக்கம் நெருக்கினாலும் அதுதான், கல்யாணப் போட்டோவில் வரிசை கோணினாலும் அதுதான். எனக்கும் மல்லிகாவுக்கும் சண்டை வந்தால் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் தள்ளிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்வாள். பெரும்பாலும் நான்தான்.

மாமனாருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. வேன் ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் பண்டிகைக்கு வந்தால், செருப்பைக் கழற்றியதும் முதலில், “கைய குடு மாப்ள” என்பார். நான் இரண்டு கையையும் நீட்டுவேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தடவி எண்ணுவார். மகள் பக்கத்தில் நின்று சிரிப்பாள், மல்லிகா வடைக் கரண்டியோடு எட்டிப் பார்ப்பாள். எட்டு வரை மடமடவென்று எண்ணிவிட்டு அங்கே கொஞ்சம் நிறுத்துவார், வேண்டுமென்றேதான். அந்த ஒரு நொடியில், காலையில்தான் அந்தக் கையால் பல் துலக்கினேன் என்றாலும், நானும் குனிந்து பார்த்துவிடுவேன்.

ஒன்பது. பத்து.

“செரி, எலைய போடு” என்பார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காருவோம்.